நாலு கிலோ துப்பாக்கி: இன்சாஸ் கதை

போன எபிசோடில் பீரங்கிகளைப் பற்றிப் பேசியதும் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "ராக்கெட் விடுகிற நாடு, அணுகுண்டு வைத்திருக்கிற நாடு. நம் சிப்பாய் கையில் இருக்கிற துப்பாக்கியை மட்டும் ஏன் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வாங்குகிறோம்?" நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போகிறோம். டாங்கி, விமானம் எதுவும் கிடையாது. காலாட்படைக்காரன் தோளில் மாட்டுகிற ஒரு ரைஃபிள், அதில் போடுகிற தோட்டா, அவ்வளவுதான்.

1962-இல் இருந்து தொடங்கலாம். சீனப் போரில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. வெள்ளைக்காரன் காலத்து லீ என்ஃபீல்ட். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். எதிரே வந்தவர்களிடம் விசையை அழுத்த அழுத்தச் சுடுகிற அரைத் தானியங்கித் துப்பாக்கி இருந்தது. த்ரீ நாட் த்ரீ மோசமான துப்பாக்கி இல்லை. குறி தப்பாது, எளிதில் மக்கர் பண்ணாது. ஆனால் பனிமலையில், விரல் விறைத்துப் போன நிலையில், அலை அலையாக ஆட்கள் வரும்போது போல்ட் இழுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்தப் போரில் பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு மலையில் நின்றவர்கள் உண்டு. அதனால் தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் பாடம் அப்போதே பலமாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்தது எஸ்எல்ஆர். பெல்ஜியத்தின் ஃபால் துப்பாக்கியைப் பார்த்து, வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. 7.62 மி.மீ. தோட்டா. கனமானது, நீளமானது, தோளில் நன்றாக உதைக்கும். 1971 போரை அதை வைத்துத்தான் போட்டோம். என் சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்எல்ஆரைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடும். "அடிச்சா எந்திரிக்க மாட்டான்டா" என்பார்.

இந்த "எந்திரிக்க மாட்டான்" என்கிற பேச்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கச் சின்னத் தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 5.56 மி.மீ. காரணம் எளிய கணக்கு. எஸ்எல்ஆர் தோட்டா ஒன்று சுமார் 24 கிராம். 5.56 தோட்டா அதில் பாதி. அதே எடையில் இரண்டு மடங்கு தோட்டா தூக்கிக்கொண்டு போகலாம். உதையும் குறைவு. நாமும் மாற முடிவு செய்தோம். புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் வடிவமைப்பு தொடங்கியது. அதுதான் இன்சாஸ். கலாஷ்னிகோவிலிருந்து கொஞ்சம், ஃபாலிலிருந்து கொஞ்சம் என்று நல்லவற்றை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்தார்கள். நம் வீட்டில் நாலு கடைக் குழம்பை ஊற்றி ஒரு குழம்பு செய்வதில்லையா, அந்த மாதிரி. இது கேலி இல்லை. பல நாடுகள் அப்படித்தான் தொடங்கின.

பிரச்சினை வடிவத்தில் இல்லை, வேகத்தில். 80-களில் தொடங்கியது படைக்கு ஒழுங்காக வந்து சேர 90-களின் பிற்பகுதி ஆகிவிட்டது. நடுவில் காஷ்மீரில் கிளர்ச்சி வெடித்தது. எதிரே ஏகே 47. நம்மிடம் நீளமான எஸ்எல்ஆர். சந்துக்குள், வீட்டுக்குள் திரும்ப முடியாது. அவசரத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஏகே ரகத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்தார்கள். தற்காலிகம் என்று வந்த ஏகே இன்றுவரை போகவில்லை. காஷ்மீரில் வேலை பார்த்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இன்சாஸா ஏகேவா என்று. பதிலுக்கு யோசிக்கவே மாட்டார்கள்.

1999, கார்கில். புதிதாக வந்த இன்சாஸைத் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் 15,000, 16,000 அடி உயரத்தில் ஏறினார்கள். வந்த புகார்கள் என்னென்ன? பிளாஸ்டிக் மேகஸின் குளிரில் விரிசல் விட்டது. துப்பாக்கி சிக்கிக்கொண்டது. மூன்று மூன்றாகச் சுட வேண்டியது சில நேரம் நிற்காமல் சுட்டது. சுடும்போது எண்ணெய் பின்னால் தெறித்துக் கண்ணில் பட்டது. இதில் மேகஸின் விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில் செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லையே. சியாச்சினில் 1984-இலிருந்து ஆள் நிறுத்தி வைத்திருக்கிற நாடு இது. குளிர் நமக்குப் புதுசா?

அந்த மூன்று தோட்டா விஷயமும் சுவாரசியமானது. இன்சாஸ் ரைஃபிளில் முழுத் தானியங்கி கிடையாது. ஒன்று ஒன்றாகச் சுடலாம், இல்லையென்றால் ஒரு அழுத்துக்கு மூன்று. பதற்றத்தில் சிப்பாய் மொத்த மேகஸினையும் காலி செய்துவிடக் கூடாது என்கிற எண்ணம். அமெரிக்காவும் ஒரு காலத்தில் இப்படிச் செய்தது. ஆனால் நம் ஊரில் இதற்குப் பின்னால் இன்னொரு மனநிலையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தோட்டாச் சிக்கனம்.

சித்தப்பா சொன்ன கதை ஒன்று. ரேஞ்சில் பயரிங் முடிந்ததும் காலித் தோட்டாவை, அவர்கள் பாஷையில் "கோக்கா"வை, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இத்தனை ரவுண்டு வாங்கினாய், இத்தனை கோக்கா எங்கே என்று கணக்கு. ஒருநாள் ஒன்று குறைந்துவிட்டது. மொத்த கம்பெனியும் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து மண்ணைச் சலித்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒருத்தன் மடித்து வைத்த சட்டைக் கைக்குள்ளிருந்து விழுந்ததாம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கணக்கு வைப்பது தப்பில்லை, தோட்டா வெளியே போய்விடக் கூடாது இல்லையா. ஆனால் ஒரு ரவுண்டு கூடுதலாகச் சுட்டுப் பழகுவதை விட ஒரு கோக்கா தொலையாமல் இருப்பது முக்கியமாகிவிட்டால், அந்த ராணுவம் எதற்குத் தயாராகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, நேபாளத்துக்கு வருவோம். இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துகிற பகுதி இதுதான். மாவோயிஸ்ட் போர்க் காலத்தில் நேபாள ராணுவத்துக்கு நாம் இன்சாஸ் கொடுத்தோம், சலுகை விலையில். 2005 ஆகஸ்டில் காலிகோட் மாவட்டத்தில் பிலி என்ற இடத்தில் ராணுவ முகாம் ஒன்றை மாவோயிஸ்டுகள் தாக்கினார்கள். 40-க்கும் மேற்பட்ட நேபாள சிப்பாய்கள் இறந்தார்கள். நீண்ட நேரச் சண்டையில் துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் வெளிப்படையாகவே சொன்னது. சூடானால் ஆற வைக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். நம் தரப்பு என்ன சொன்னது? சரியாகப் பயன்படுத்தாதது, பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்றது.

யார் சொன்னது சரி என்று இங்கிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது. எந்த ரைஃபிளும் மணிக்கணக்கில் விடாமல் சுட்டால் சூடாகத்தான் செய்யும். பராமரிப்பும் உண்மையான பிரச்சினைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மனிதன், களைத்துப் போய், தூங்காமல், பயந்துபோய் இருக்கும்போதும் வேலை செய்கிற மாதிரி இருக்க வேண்டியதுதான் ராணுவத் துப்பாக்கி. கலாஷ்னிகோவ் உலகம் முழுக்கப் பரவியதே அதனால்தானே.

இன்சாஸை நான் குப்பை என்று சொல்ல மாட்டேன். குறைகள் பலவற்றைப் பிறகு சரி செய்தார்கள். குறி விஷயத்தில் நல்ல துப்பாக்கி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் குறை வேறு. செய்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு, தரச் சோதனையும் அரசு. சிப்பாய்க்கு வேறு கடைக்குப் போக வழி இல்லை. புகார் ஒன்று மலையிலிருந்து இறங்கி, கோப்பாகி, டெல்லி போய், தொழிற்சாலைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபரில் கலைத்து ஏழு நிறுவனங்களாக ஆக்கினார்கள். அந்த ஏழும் அரசு நிறுவனங்கள்தான். பெயர்ப் பலகை மாறியதா, பழக்கம் மாறியதா என்பது போகப் போகத்தான் தெரியும்.

ராணுவத்தின் மேலும் தப்பு இருக்கிறது. 2011-இல் ஒரு டெண்டர் விட்டார்கள். ஒரே துப்பாக்கி, குழாயை மாற்றினால் 5.56 சுட வேண்டும், வேறு குழாய் போட்டால் ஏகே தோட்டா சுட வேண்டும். சுமார் 66,000 துப்பாக்கி. காகிதத்தில் பிரமாதம். ஆனால் நடைமுறையில் சிப்பாய் இரண்டாவது குழாயை எங்கே தூக்கிக்கொண்டு அலைவான்? பெரிய பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் சோதனைக்கு வந்தன. 2015-இல் டெண்டர் ரத்து. நாலு வருடம் வீண். பிறகு "5.56 காயப்படுத்தத்தான் செய்யும், 7.62 தான் கொல்லும்" என்று வாதம் திரும்பியது. சித்தப்பா சொன்ன அதே "எந்திரிக்க மாட்டான்". 7.62-இல் இச்சாப்பூர் செய்து கொடுத்த துப்பாக்கி 2017-இல் சோதனையில் தேறவில்லை.

கடைசியில் 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 ரைஃபிள், சுமார் 700 கோடி ரூபாய்க்கு. 2024-இல் இன்னொரு 73,000. அந்த 700 கோடியை ஒரு கணக்கோடு வைத்துப் பாருங்கள். 36 ரஃபேல் விமானங்களுக்கு நாம் போட்ட ஒப்பந்தம் சுமார் 59,000 கோடி, ஏவுகணை, உதிரி பாகம் எல்லாம் சேர்த்து. ஒரு விமானத்துக்கு ஆகிற பங்கில் பாதியை விடக் குறைந்த பணத்தில் 72,400 பேருக்குத் துப்பாக்கி வந்துவிட்டது. ஆக இத்தனை வருடம் தடுத்தது பணம் இல்லை. ஏழை நாடு, காசில்லை என்று சொல்கிற சமாதானம் இந்த இடத்தில் எடுபடாது.

காசு நிஜமாகவே இடிக்கிற இடம் வேறு. தோட்டா, குண்டு இருப்பு. தீவிரமான போர் 40 நாள் நடந்தால் தாங்குகிற அளவு கையிருப்பு வேண்டும் என்பது நம் ராணுவத்தின் கணக்கு. தலைமைத் தணிக்கையாளரின் 2017 அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 2016 செப்டம்பர் நிலவரப்படி, ஆய்வு செய்த 152 வகைகளில் 61 வகை 10 நாளைக்குக் கூடக் காணாது. 40 நாள் அளவை எட்டியது வெறும் 31 வகை. அந்த அறிக்கைக்குப் பிறகு துணைத் தளபதிக்கு அவசரக் கொள்முதல் அதிகாரம் கொடுத்தார்கள், இருப்பு கூடியது. ஆனால் இது ஒருதடவை வாங்கி வைத்துவிட்டு மறக்கிற சாமான் இல்லை. வெடிமருந்துக்கும் ஆயுள் உண்டு. பயிற்சியில் பழையதைச் சுட்டுத் தீர்த்து, புதியதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வருடா வருடம் காசு. 2024-25 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.21 லட்சம் கோடி, அதில் ஓய்வூதியம் மட்டும் 1.41 லட்சம் கோடி. நான் ஓய்வூதியத்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே அது வருகிறது. ஆனால் கிடங்கில் இருக்கிற தோட்டாவை யாரும் பார்ப்பதில்லை. குடியரசு தின அணிவகுப்பில் அது வராது.

கவச உடையும் இதே கதைதான். 2018-இல்தான் 1.86 லட்சம் குண்டு துளைக்காத உடைகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 639 கோடி. அந்தத் தேவையை ராணுவம் சொன்னது அதற்குக் கிட்டத்தட்ட ஒன்பது வருடம் முன்னால்.

இப்போது ஏகே 203. ரஷ்யாவோடு சேர்ந்து அமேதி பக்கம் கோர்வாவில் செய்கிறார்கள். தொடக்க விழா 2019 மார்ச்சில். விலை இழுபறியில் ஒப்பந்தம் 2021 டிசம்பரில்தான். ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 நடுவில் 35,000 கைமாறியிருந்தது. நம் திருச்சித் தொழிற்சாலையும் ஏகே ரகத்தில் "திருச்சி அசால்ட் ரைஃபிள்" செய்கிறது. துணை ராணுவத்துக்கும் காவல் துறைக்கும் போகிறது. திருச்சி நேயர் ஒருவர் கேட்டிருந்தார், அதை ஏன் ராணுவத்துக்கே கொடுக்கக் கூடாது என்று. ஆறு லட்சத்தை ரஷ்ய உரிமத்தில் அமேதியில் செய்வதாக ஒப்பந்தம் போட்ட பிறகு, அதே தோட்டா சுடுகிற இன்னொரு ஏகேவை ராணுவம் தனியாக வாங்கப் போவதில்லை. அதுதான் பதில்.

இதன் விளைவு ஒன்று இருக்கிறது. இன்றைக்கு நம் காலாட்படையில் இன்சாஸுக்கு ஒரு தோட்டா, சிக் சாவருக்கு ஒரு தோட்டா, ஏகேவுக்கு ஒரு தோட்டா. கடைசி இரண்டுக்கும் பெயர் 7.62 தான், ஆனால் நீளம் வேறு, ஒன்றில் மற்றது ஏறாது. இன்சாஸ் முழுவதும் விலகும் வரை லடாக்கில் ஒரு ஸ்டோர்காரர் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், கையுறை போட்ட விரலால், எந்தப் பெட்டி எந்தப் போஸ்டுக்கு என்று மூன்று தடவை சரிபார்த்துத்தான் கோவேறு கழுதை மேல் ஏற்ற வேண்டும்.