கூடிக் கற்றலின் நன்மையும் குறையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கோணேசப் பெருமானின் திருவருளைச் சிந்தித்துச் சில வார்த்தைகள் பேச முற்படுகின்றோம். மாணாக்கர் சிறு குழுக்களாக அமர்ந்து ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை மேல்நாட்டார் தந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று.

நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் கற்றலுக்கு ஒரு கணக்குக் கூறுகின்றார். ஆசான் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதனாலேயே வரும்.

1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், நம்மவர் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றபோது ஆசிரியர் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். 1797இல் இதனை நூலாக்கி லண்டனில் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது பல தேசங்களுக்கும் பரவிற்று.

ஆயினும் அது நிலைக்கவில்லை. சட்டாம்பிள்ளை தனக்குத் தெரிந்ததையே பிறருக்குச் சொல்ல முடியும். ஆகவே மனப்பாடம் வளர்ந்தது, விளக்கம் வளரவில்லை. 1846இல் இங்கிலாந்தில் வேறு முறை வகுக்கப்பட்டது. பிள்ளை கற்பித்தாலும் ஆசிரியரின் கண் அகலலாகாது என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

இன்னொரு குறையும் உண்டு. நமது கடற்கரையிலே கரைவலை இழுப்பதைக் காணாதவர் இச்சபையில் இரார். பலர் கயிற்றைப் பற்றியிருப்பர்; யார் இழுக்கின்றார், யார் தொட்டுக்கொண்டு நிற்கின்றார் என்பது கயிற்றுக்கே தெரியும். பிரான்சு தேசத்து ரிங்கல்மன் என்பார் கயிறு இழுப்போரின் வலிமையை அளந்து, ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரின் முயற்சியும் குறைகின்றதென 1913இல் எழுதினார்.

நமது மாலை வகுப்பிலும் இதனையே கண்டோம். குழு வேலையை ஒரு பிள்ளை எழுத, மூவர் பார்த்திருந்தனர். புள்ளியோ நால்வருக்கும் ஒன்று. உழைத்த பிள்ளைக்கு மனத்தாங்கல்; உழையாத பிள்ளைக்கு நட்டம். வாய் திறவாத சிறுமி ஒருத்தி குழுவின் மூலையில் முன்னிலும் மௌனமானாள். அது நம்முடைய தவறே.

பின்னர், பாடத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியைக் கொடுத்தோம். அவரவர் பகுதியை அவரவரே மற்றவர்க்கு விளக்க வேண்டும். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில், வெவ்வேறு இனப்பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து பகைத்து நின்றபோது, 1971இல் எலியட் அரன்சன் என்னும் பேராசிரியர் கையாண்ட வழி இது. ஒருவர் பங்கு மற்றவருக்குத் தேவையாயிற்று, பகை தணிந்தது. நமது வகுப்பில் அந்தச் சிறுமி மீன் வகைகளைப்பற்றிப் பேசினாள். கடற்றொழிலாளியின் மகளல்லவா! அன்று கேள்வி கேட்டவர்கள் மற்றவர்கள். விடை சொன்னவள் அவள்.

“என் பிள்ளை மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் புலமைப்பரிசிற் பரீட்சையில் பின்தங்காதோ?” என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொருவரும் தனித்தே எழுத வேண்டும். ஆதலால் கூடிக் கற்றபின் தனித்துப் பயில நேரமும், தனித்தனிப் புள்ளியும் கட்டாயம் வேண்டும். ஆனால் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை இழப்பது நேரம் மாத்திரமே. பெறுவது முனிவர் கூறிய அந்த அரைப்பங்கு.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் துறைமுகப் பட்டினம் நம்முடையது. பக்கத்தில் இருப்பவனின் அறிவு தனக்கும் வேண்டும் என்று உணர்ந்த பிள்ளை நாளை நல்ல அயலவனாவான். வாலிப அன்பர்களே, வாரத்தில் ஒரு மாலை நமது வகுப்புக்கு வாருங்கள். கயிற்றைத் தொட்டு நில்லாது, இழுக்க வாருங்கள்.