பூர்ணம் விஸ்வநாதன் - ஆபீஸும் அரங்கமும்

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சர்க்கார் கோப்புகளோடு காலம் கழித்த நான் நடிகரைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் திரு. பூர்ணம் விஸ்வநாதனும் நம்மைப் போல் ஆபீஸ் போனவர்தான்.

1921-ல் பிறந்த அவர் டெல்லியில் ஆல் இந்தியா ரேடியோவில் வேலை பார்த்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. பிறகு மத்திய அரசின் ‘திட்டம்’ பத்திரிகையிலும் பணி செய்தார். டெல்லியில் இருந்த காலத்திலேயே, ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் தமிழ் நாடகம் போட்டார். செய்தி வாசித்த நாக்கு அல்லவா? ஒரு எழுத்துகூடத் தேயாது; கடைசி வரிசைக்கும் கேட்கும்.

சுஜாதா அவருடைய குழுவுக்காகவே நாடகங்கள் எழுதினார். ‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் பூர்ணம் ரிடையர் ஆன சீனிவாசன். எதிர்காலத்திலிருந்து வரும் ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டார் அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறார்கள். விஞ்ஞானம் படித்த எனக்கு அந்தக் கற்பனை பிடிக்கும். ரிடையர் ஆனவன் பேச்சை வீட்டில் யார் கேட்கிறார்கள் என்ற கேள்வி அதைவிட நன்றாகவே புரிகிறது!

சினிமாவில் அவர் முகம் நன்கு தெரிய ஆரம்பித்தபோது வயது அறுபதை நெருங்கிவிட்டது. 1980-ல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’. டெல்லிக்கு வரும் தகப்பனார், மகன் முடிதிருத்தும் வேலை செய்வதைப் பார்க்கும் இடம் நினைவிருக்கும். 1994-ல் ‘மகாநதி’யில் சிறையில் இருக்கும் பஞ்சாபகேசன். தொலைக்காட்சியிலும் நடித்தார். சத்தம் போடாமல் துக்கத்தைக் காட்டத் தெரிந்தவர். 2008 அக்டோபர் 1 அன்று சென்னையில் காலமானார். சுஜாதா மறைந்ததும் அதே ஆண்டுதான்.

“முதலில் வேலை, பாட்டும் நாடகமும் அப்புறம்” என்று நம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்த அப்புறம் பலருக்கு வருவதே இல்லை. பூர்ணம் இரண்டையும் சேர்த்தே செய்தார், அதுவும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு. அறுபதில் கிடைத்த பெயருக்குப் பின்னால் அத்தனை வருஷப் பயிற்சி இருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு விழாவில் ஒவ்வொரு கிளையும் அரைமணி நேரத் தமிழ் நாடகம் ஒன்று போடட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பேரன் பேத்திகளுக்கு வசனத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்போம். நமக்கும் அதற்கு நேரம் இருக்கிறது.