குருதியின் மெய்ப்பாடுகள்



தமிழ் கற்பிப்பவள் டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். நான் பேச வந்தது 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்னும் தொடரைப் பற்றியே. நம் வீடுகளில் அதற்கு ஆறுதல் என்று பொருள். கஞ்சி போய்ச் சோறு வரும். கண்விழித்திருந்த தாய் அன்றிரவு உறங்குவாள். டெங்குவில் அப்பொருள் பிறழ்ந்துவிடுகிறது. பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் தணியும் அந்த வேளையில்தான், சிலருக்கு நுண்ணிய குருதிக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சூழ்ந்தும் தேங்குகிறது. எஞ்சிய குருதி கெட்டிப்படுகிறது, நாடி தளர்கிறது. கைகால் சில்லிடுவதைக் காய்ச்சல் இறங்கியதன் குளிர்ச்சி என்று எண்ணிவிடுவது எவ்வளவு எளிது!

அவ்வேளையில் குருதியில் வைரசு குறைந்துகொண்டுதான் இருக்கும். பகை பின்வாங்கும்போது கோட்டை இடிவானேன்?

1958இல் பாங்காக் நகரில் இந்நோய் குழந்தைகளைப் பெருந்திரளாகத் தாக்கியது. 1960களில் அங்கு ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட், இரண்டாம் முறை தொற்றுக்கு ஆளான குழந்தைகளே மிகுதியும் கடுமையான நிலையை அடைவதைக் கண்டார். டெங்கு வைரசு நால்வகை. ஒன்றை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்பொருள், மற்றொரு வகை வரும்போது அதை அழிக்க இயலாமல் வெறுமனே பற்றிக்கொண்டு, வெள்ளணுவுக்குள் அது நுழைய வழிசெய்துவிடும் என்பது அவர் விளக்கம். கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000 பேருக்கு மேல் நோயுற்று, 158 பேர் இறந்தனர். உடலின் பழைய நினைவே உடலுக்குப் பகையாகிறது. இதைக் காட்டிலும் கொடிய முரணைக் காப்பியங்களிலும் நான் அதிகம் கண்டதில்லை.

இக்கிளர்ச்சியைக் கண்ணால் காண இயலாது, குருதியில் காணலாம். டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் வெகுண்டெழும்போது, அவற்றின் மேற்பரப்பிலுள்ள இன்டர்லூகின்-2 ஏற்பி உதிர்ந்து ஊனீரில் மிதக்கும். தாய்லாந்துக் குழந்தைகளின் ஊனீரைச் சோதித்து குரானே, என்னிஸ் முதலியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வேற்பியும் காமா இன்டர்ஃபெரானும் உயர்ந்திருந்தன. குருதிக்கசிவு வகை டெங்கு கண்ட குழந்தைகளிடம் அந்த ஏற்பி மேலும் மிகுந்திருந்தது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதமும் கடும் டெங்குவில் மிகுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இத்தகைய அடையாளங்களை 'உயிர்க்குறிப்பான்' என்கிறது கலைச்சொல். எனக்கு அதில் நிறைவில்லை. உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு அதற்கென ஓர் இயலே வகுத்தவர் தொல்காப்பியர். குருதியில் புலப்படும் வெகுளிக்கும் அச்சொல் பொருந்தாதா? அதில் ஒரு நன்மையும் உண்டு. கண்ணீர் துயரிலும் வரும், உவகையிலும் வரும். உடனிருப்பவற்றைக் கொண்டே பொருள் கொள்கிறோம். ஃபெரிட்டினும் அப்படித்தான், வேறு பல நோய்களிலும் உயரும். ஆதலால் ஒற்றை எண்ணை நம்பி எம்மருத்துவரும் முடிவு செய்வதில்லை. குருதியின் செறிவையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் அடுத்தடுத்துப் பார்க்கிறார். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்.

கவிஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 'காய்ச்சல் நீங்கிய பின்னரான நெருக்கடிக் கட்டம்' என்று எழுதினால் பிழையில்லை. ஆயின் அடுப்படியில் நிற்கும் பாட்டிக்கு அது எட்டாது. காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, அமைதியின்மை, அளவுமீறிய சோர்வு இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு நீடிப்பது 24 முதல் 48 மணி நேரம். அந்த இரண்டு இரவுகளில் யாரேனும் விழித்திருக்க வேண்டும். இவ்வளவையும் தாலாட்டைப் போல் வாயில் நிற்கும் நான்கு அடிகளில் யாரேனும் பாடித் தாருங்கள். யாப்புப் பிழைத்தாலும் நான் திருத்த மாட்டேன்.