ஒரு வாயில், பல குரல்கள்



கணினி வலைகளை மேற்பார்க்க 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. வினாக்கள் கருவியின் 161-ஆம் வாயிலுக்கு வரும். ஆங்கே ஒரு நிரலே அமர இயலும். பின்வந்த நிரல்களுக்கு இடமில்லை. இவ்விடர் நீங்க 1998-இல் ஏஜென்ட்எக்ஸ் தோன்றியது. தலைமை முகவர் வாயிலில் நிற்கும். துணை முகவர்கள் தத்தம் பகுதியைப் பதிந்துகொண்டு, அதைப் பற்றிய வினாவுக்கு விடை தரும். புதிய துணை முகவர் வந்து சேரத் தலைமையை நிறுத்த வேண்டுவதில்லை. ஆயின் ஒரு துணை வாய்மூடின், அப்பகுதி குறித்துத் தலைமை ‘பிழை’ என்பதன்றி வேறொன்றும் கூறாது.

சங்கத்தின் நிலையும் இதுவன்றோ? நம் இல்லத்துத் துயரை நாம் சொன்னாலன்றிச் செயலாளர் அறிவது எங்ஙனம்? ஆதலின் வாய்திறப்போம்.