பாடத்திட்டம் முடிந்த பிறகு

பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

எதைப் படிப்பது, எதுவரை படிப்பது, என்றைக்குள் முடிப்பது என்பதையெல்லாம் இதுவரை பாடத்திட்டம் முடிவு செய்தது. இன்று முதல் அந்தப் பொறுப்பு உங்களுடையது. அதனால் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: நாள்தோறும் வாசியுங்கள். வாசிப்பு நல்லது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால், அதை ஏன் நாள்தோறும் செய்ய வேண்டும்? புதிய அறிவு மனத்தில் தங்குவதற்குப் பழைய அறிவு பற்றுக்கோடாக இருக்க வேண்டும். அந்தப் பற்றுக்கோடு ஒரே இரவில் உருவாவதில்லை.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்திருந்தும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள்; அதிகம் நினைவிலும் வைத்திருந்தார்கள். ஆக, முன்பே சேர்த்து வைத்த அறிவுதான் அடுத்த பக்கத்தைப் புரியவைக்கிறது. 1986இல் உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இத்தகைய வளர்ச்சியையே விளக்குகிறது: வாசிப்பவருக்குச் சொல்வளம் கூடுகிறது, அதனால் அடுத்த நூல் எளிதாகிறது, எளிதானதால் அவர் மேலும் வாசிக்கிறார். கூட்டு வட்டியைப் போல வளரும் இந்தச் செல்வத்தில், வாசிக்காதவர் ஆண்டுக்கு ஆண்டு பின்தங்குகிறார்.

‘தேவையானபோது கைபேசியில் தேடிக்கொள்ளலாமே, செயற்கை நுண்ணறிவைக் கேட்டுக்கொள்ளலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சரியான கேள்வியைக் கேட்பதற்கும், கிடைத்த விடை சரியா தவறா என்று எடைபோடுவதற்கும் அந்தத் துறையில் ஓரளவு அறிவு ஏற்கெனவே உங்களுக்குள் இருந்தாக வேண்டும். விடைகள் மலிந்த காலத்தில்தான் வாசித்தவரின் தேவை கூடுகிறது. ‘படிப்பதைவிடச் செய்வதுதான் முக்கியம்’ என்பது இன்னொரு வாதம். இவை இரண்டும் எதிரெதிரானவை அல்ல. பள்ளிக் கல்வி அதிகம் பெறாத மைக்கேல் ஃபாரடே, லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியபோது, அங்கு வந்த நூல்களைப் படித்தார். படித்ததைச் சோதனை செய்தும் பார்த்தார். அவரே பின்னாளில், 1831இல், மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். வாசிப்பு அவரைச் செயலுக்கு இட்டுச் சென்றது.

வேலைக்குச் சென்றபின் நேரம் குறைவது உண்மைதான். நாளுக்குப் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 3,650 பக்கங்கள். 200 பக்க நூல்கள் பதினெட்டு. பணமும் பெரிய தடையல்ல. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தி மக்கள் தாங்கி நிற்கும் நூலகங்கள் உங்களுக்காகவே திறந்திருக்கின்றன. இந்த வாரமே உறுப்பினராகச் சேருங்கள். உங்கள் துறையில் ஒரு நூல், துறைக்கு வெளியே ஒரு நூல் என்று தொடங்குங்கள். பல்கலைக்கழகம் தந்த பட்டம் நீங்கள் கற்றுமுடித்ததற்குச் சான்று; இனியும் கற்க வல்லவர் என்பதற்கு நீங்கள்தான் சான்றாக விளங்க வேண்டும். அப்படியே விளங்க உளமார வாழ்த்துகிறேன்.