பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர்

(காலாப்பட்டில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வகுப்பறைக்கு வந்திருக்கும் புதிய திரைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

நான் இதே காலாப்பட்டில் வளர்ந்தவன். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்றால் தெருவே அங்கே உட்கார்ந்திருக்கும். மாடியில் ஓர் அண்ணன் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “தெரியுதா?” என்பார். “புள்ளி புள்ளியா இருக்கு, இன்னும் கொஞ்சம் திருப்புண்ணே” என்று நாங்கள் கத்துவோம்.

அது பாட்டுப் பெட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. நம் நாட்டில் முதல் ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. 1961இல் டெல்லிப் பள்ளிகளுக்குப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அன்றாட ஒளிபரப்பு வந்ததோ 1965இல்தான். சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆக, அந்தப் பெட்டி வீட்டில் நிலைகொள்வதற்கு முன்பே வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டது.

இப்போது கொஞ்சம் வெளிநாடு. 1949இல் சோவியத் நாட்டில் ‘கே.வி.என்-49’ என்ற பெட்டி வந்தது. கெனிக்சன், வர்ஷாவ்ஸ்கி, நிக்கோலாயெவ்ஸ்கி என்ற மூன்று பொறியாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். நம் டி.வி.யைப் போலவே அதிலும் படம் 625 வரிகளால் ஆனது. ஆனால் திரையோ 14 சென்டிமீட்டர் அகலம், பத்தரை சென்டிமீட்டர் உயரம். ஓர் அஞ்சலட்டை அளவுதான். அதனால் நீரோ கிளிசரினோ நிரப்பிய பெரிய லென்ஸ் ஒன்றைத் திரைக்கு முன்னால் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பாடப்புத்தகத்தின் முன்னால் பிடித்துப் பாருங்கள், எழுத்து பெரிதாகத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடம்.

அடுத்து, ஆசிரியர்களாகிய நாம் மறக்கக் கூடாத ஒரு முயற்சி. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசா கொடுத்த ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. கோழிவலைக் கம்பியால் செய்த கிண்ண ஆன்டெனா, கறுப்பு வெள்ளைப் பெட்டி, முன்னால் ஊரே கூட்டம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு 12 நாள் அறிவியல் பயிற்சியும் அதில் உண்டு. அந்தப் பயிற்சியைத் திரையை மட்டும் நம்பி நடத்தவில்லை. வானொலி, செய்துபார்க்கும் கையேடு, உடனிருந்து வழிநடத்தும் ஒருவர் என எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது.

இதை நான் என் தவற்றிலிருந்து உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், நீர்ச்சுழற்சி பற்றிய படத்தைப் போட்டுவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்து வருகைப்பதிவேடு எழுதினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. நல்ல பாடம் என்று நினைத்தேன். மறுநாள், “மேகம் எப்படி உருவாகிறது?” என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, “சார், படத்துல வந்த பின்னணி இசை நல்லா இருந்துச்சு” என்றது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த வகுப்பில் ஆசிரியர் இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள். படத்துக்கு முன் கரும்பலகையில் ஒரு கேள்வி. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்பது. முடிந்ததும் கையால் ஒரு செயல்: வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் தட்டை நானே பிடிப்பேன், சொட்டுகளை அவர்கள் எண்ணுவார்கள். படம் ஐந்து நிமிடம் போதும்.

அந்தச் சிறிய திரைக்கு ஒரு லென்ஸ் தேவைப்பட்டது. இன்றைய திரை சுவரளவு பெரிது. அதற்கும் ஒன்று தேவைப்படுகிறது. அந்த இடத்தில் நாம் நிற்க வேண்டும்.