குருநாகல் பஸ்ஸில் ஏறினால் வரும் ஊர்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"டொக்டராக வருவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். அதை ரியூஷன் மாஸ்டர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் வேறொரு டொக்டரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று, கலகெதர சந்தியில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய குருநாகல்.

டேவிட் வெதரோல் 1933 இல் லிவர்பூலில் பிறந்தவர். கட்டாய இராணுவ சேவைக்குச் சிங்கப்பூர் போன இடத்தில், கூர்க்கா சிப்பாய் ஒருவரின் சின்ன மகளைப் பார்த்தார். இரத்தம் ஏற்றி ஏற்றியே உயிர் பிடித்து வைத்த பிள்ளை. நோய் தலசீமியா. அரிவாள் கலச் சோகைக்கு உறவான நோய் இது. இரண்டுமே ஈமோகுளோபினில் பரம்பரையாக வரும் குறைகள். அந்தப் பிள்ளையோடு தொடங்கிய தேடலை அவர் 2018 இல் இறக்கும்வரை விடவில்லை.

இலங்கையில் அவர் தனியாக வேலை செய்யவில்லை. சாந்திமாலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன போன்ற நம் நாட்டு வைத்தியர்களோடு சேர்ந்தே செய்தார். அவர்கள் 2000 ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, இங்கே எப்போதும் 2000க்கும் மேற்பட்ட நோயாளர் சிகிச்சையில் இருப்பார்கள் என்று கணித்தது. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஈமோகுளோபின் ஈ கலந்த வகை.

எனக்குப் பிடித்தது 2005 கட்டுரை. அந்த ஈ வகை நோயாளர் 109 பேரைப் பல வருடங்கள் கவனித்தார்கள். இரத்தம் ஏற்றுவதை 37 பேருக்கு நிறுத்திப் பார்த்தார்கள், கெடுதல் வரவில்லை. இது சின்ன விஷயமில்லை. ஏற்றும் ஒவ்வொரு பைன்ட்டும் உடம்பில் இரும்பை விட்டுப்போகிறது. அது இருதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை வெளியேற்ற அந்தக் காலத்தில் இரவிரவாகத் தோலுக்குள் ஊசி பொருத்திப் பம்ப் போட வேண்டியிருந்தது. இலேசான நோயாளருக்கும் கடுமையான நோயாளருக்கும் ஈமோகுளோபின் அளவில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே அறிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளை வளர்கிறதா, ஓடி விளையாடுகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய மருந்து கொடுப்பதைவிட, கொடுப்பதை நிறுத்தத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி நான் இந்த ஊரில் சொல்லாத கதை. மருத்துவ பீடத்தில் படிக்கும்போதே நான் தலசீமியா காவி என்று தெரிய வந்தது. காவிக்கு நோய் இல்லை. காவி அல்லாதவரை முடித்தால் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. இருவரும் காவிகளானால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. இதை உம்மா பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைக்காமல் சொன்னார். அவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே எழும்பிவிட்டார்கள். தங்கள் மகனைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு இருபது வருடம் நான் வாய் திறக்கவில்லை. வைத்தியராக இருந்தும்.

நம் நாட்டுச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பு இல்லை. ஆகவே தெரிந்துகொள்ள வேண்டியது கலியாணத்துக்கு முன்புதான். சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம். முதற்படி சாதாரண முழு இரத்தப் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் மேலும் ஒரு சோதனை. பெண் பிள்ளையை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். என் மகன் உயர்தரம் எழுதி முடித்த கிழமையே அவனைக் கூட்டிப்போனேன். அவனும் காவிதான். அதை அவனே உங்களிடம் சொல்லச் சொன்னான்.